எண், இடம், உடல்: அமெரிக்கக் கால்பந்தின் ஜெர்ஸி விதிகள் குறித்து

1951ஆம் ஆண்டு முடிய க்ளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் 76 என்றால் அது மரியன் மாட்லி. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் நடுவில் முட்டிப் புகுந்து ஓடுகிற ஃபுல்பேக். 1952இல் அதே அணியில் 76 என்றால் லூ க்ரோஸா. டாக்கிள், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கிறவர். கூடவே பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைக்கிற வேலையும் அவருடையது. மாட்லி எங்கேயும் போய்விடவில்லை. அதே அணியில்தான் இருந்தார், முதுகில் 36 ஏறியிருந்தது, அவ்வளவுதான். க்ரோஸா அதுவரை 46. க்வார்ட்டர்பேக் ஆட்டோ க்ரஹாம் 60இலிருந்து 14 ஆனார். சென்டர் ஃப்ராங்க் காட்ஸ்கி 22இலிருந்து 52. பந்து பிடிக்கிற டான்டே லவெல்லி 56இலிருந்து 86. இவர்களில் யாரும் ஆடும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆளும் அதே ஆள், வேலையும் அதே வேலை. மாறியது குறி மட்டும்தான்.

காரணம் எளியது. பிரவுன்ஸ் அணி 1946இலிருந்து 1949 வரை ஆல்-அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் என்கிற போட்டி அமைப்பில் ஆடியது. அங்கே இடத்தைப் பொறுத்து எண் கொடுக்கிற வழக்கம் இருந்தது: சென்டருக்கு 20கள், கார்டுக்கு 30கள், டாக்கிளுக்கு 40கள், கடைக்கோடியில் நிற்கும் எண்டுக்கு 50கள், க்வார்ட்டர்பேக்குக்கு 60கள், ஃபுல்பேக்குக்கு 70கள். அந்த அமைப்பு கலைந்து, பிரவுன்ஸ் 1950இல் நேஷனல் ஃபுட்பால் லீக்கில் (இனி என்.எஃப்.எல்.) சேர்ந்தது. 1952இல் என்.எஃப்.எல். தன்னுடைய இட வரிசையை விதியாக்கியது: சென்டர் 50கள், கார்டு 60கள், டாக்கிள் 70கள், எண்டு 80கள். ஒரு சங்கேத முறையிலிருந்து இன்னொரு சங்கேத முறைக்கு அணியே பெயர்க்கப்பட்டது. 60 என்கிற எண்ணுக்குள் க்வார்ட்டர்பேக்தனம் என்று எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆதாரம் கிடைக்காது. சசூர் சொன்ன குறியின் தற்செயல் தன்மையை நம்முடைய இலக்கணக்காரர்கள் இடுகுறி என்பார்கள். அமெரிக்கக் கால்பந்தின் எண் வரலாறு, ஓர் இடுகுறிப்பெயரைப் பிடித்து உலுக்கிக் காரணப்பெயராக மாற்றிய கதை. அதைத் திரும்ப அவிழ்க்க ஆரம்பித்ததும் சமீபத்தில்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு மொழியியல் ஒரு வாசல் மட்டுமே. உள்ளே இருக்கிற கேள்வி வேறு. எண் யாருக்குச் சொந்தம்? அதைச் சுமக்கிறவருக்கா, அவர் நிற்கிற இடத்துக்கா, இல்லை சட்டையைத் தைத்து விற்கிறவனுக்கா?

இந்த ஆட்டம் நாம் கால்பந்து என்று சொல்வது அல்ல என்பதை ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர், முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் நின்று நின்று தொடங்கும். தாக்குகிற அணியில் குறைந்தது ஏழு பேர் முன்கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோட்டின் உள்பக்கத்து ஐந்து பேர் (ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டாக்கிள்) முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கக்கூடாது. தடுப்பது மட்டுமே அவர்கள் தொழில். இப்படி நின்று தொடங்குகிற முறையை 1880களின் தொடக்கத்தில் வகுத்தவர் வால்ட்டர் கேம்ப். இவர் பிழைப்புக்கு வேலை பார்த்தது நியூ ஹேவனில் ஒரு கடிகாரக் கம்பெனியில், பின்னால் அதன் தலைவராகவும் ஆனார் என்பதைச் சும்மா ஒரு சுவையான தகவலாக ஒதுக்க முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்த ஒரு விளையாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் யார் எங்கே நிற்பது என்று அளந்து வைத்தவர் அவர்.

எண் வந்தது இதற்கெல்லாம் வெகு பின்னால், அதுவும் மைதானத்துத் தேவைக்காக அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் முதலான கல்லூரி அணிகள் எண் போடத் தொடங்கியபோது, பார்வையாளர்களிடம் விற்கிற ஆட்ட நிரல் தாளுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருந்தது. தாளில் எண்ணுக்கு நேரே பெயர் இருக்கும். தாள் வாங்காதவனுக்கு மைதானத்தில் ஓடுவது வெறும் எண். ஆக எண் பிறக்கும்போதே கடைக்காரன் பக்கத்தில்தான் பிறந்தது. பின்னால் 2021இல் நடந்த சண்டையைப் பார்த்து, அய்யோ விளையாட்டில் வியாபாரம் புகுந்துவிட்டதே என்று அங்கலாய்த்தவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

லீக் தொடங்கிய 1920இலிருந்து 1951 வரை என்.எஃப்.எல்.லில் எண் ஏறக்குறைய தான்தோன்றி. சிக்காகோ பேர்ஸ் அணியின் ரெட் க்ரேஞ்ச் ஓட்டக்காரர், எண் 77. அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், எனக்கு முன்னால் நின்றவனுக்கு 76 கொடுத்தார்கள், பின்னால் நின்றவனுக்கு 78 என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ப்ரான்கோ நகர்ஸ்கி 3. பந்து பிடிப்பதில் அந்தக் காலத்து மன்னர் டான் ஹட்ஸன் 14. சென்டர் மெல் ஹைன் 7. க்வார்ட்டர்பேக் சிட் லக்மன் 42, சாமி பா 33. பிற்கால விதியை வைத்துப் பார்த்தால் இதில் நகர்ஸ்கி உட்படப் பெரும்பாலோர் குற்றவாளிகள். ஆனால் அப்போது எண் என்பது ஆளின் அடையாளமாக, ஏறக்குறைய பட்டப்பெயராக இருந்தது. நியூயார்க் ஜயண்ட்ஸ் 1935இல் ரே ஃப்ளாஹர்ட்டியின் 1ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்துவிட்டதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணுக்கும் ஆளுக்கும் இடையே வேறு எதுவும் குறுக்கே இல்லாத காலத்தில்தான் ஆள் போனபின் எண்ணையும் புதைக்க முடியும்.

குறுக்கே வந்தது எது? இடம். இடம் ஏன் 1952இல் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்கு இரண்டாண்டு பின்னால் போக வேண்டும். அதுவரையிலான ஆட்டத்தில் ஒரே ஆள் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். வெளியே போனால் உள்ளே வருவதற்கு ஆயிரம் கட்டுப்பாடு. யுத்த காலத்தில் ஆள் பற்றாக்குறையால் 1943இல் தளர்த்தப்பட்ட இந்தக் கட்டுப்பாடு, நடுவில் திரும்ப இறுகி, 1950 ஜனவரியில் நிரந்தரமாக நீக்கப்பட்டது. எத்தனை பேரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உடனே ஓர் அணி இரண்டு அணியாயிற்று: தாக்குவதற்குப் பதினொன்று, தடுப்பதற்குப் பதினொன்று, உதைப்பதற்கு வேறு. அறுபது நிமிடமும் நின்று ஆடிய முழு ஆட்டக்காரன் மறைந்து, ஒரே ஒரு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற நிபுணன் வந்தான். டெய்லரின் விஞ்ஞான நிர்வாகம் தொழிற்சாலைக்குள் 1911இல் சொன்னதை மைதானம் நாற்பது ஆண்டு தாமதமாக நிறைவேற்றியது எனலாம். பழைய வகையின் கடைசி ஆள் பிலடெல்ஃபியாவின் சக் பெட்னரிக். 1960 சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் தாக்குதலில் சென்டராகவும் தடுப்பில் லைன்பேக்கராகவும் ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடியவர். அவர் எண் 60. சென்டருக்கு 50கள்தான் என்று சொல்லும் விதியின் கீழும் அவர் கடைசிவரை 60தான். இரண்டு இடத்தில் நிற்கிற ஆளுக்கு எந்த இடத்தின் எண்ணைக் கொடுப்பது?

ஃபூக்கோ ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் பள்ளி, படைமுகாம், பட்டறை பற்றிப் பேசும்போது ஒழுங்குமுறையின் அடிப்படை அலகு ஆளும் அல்ல, நிலமும் அல்ல, வரிசையில் ஓர் ஆள் பெறுகிற தரவரிசை இடம் என்கிறார். அந்த இடத்தில் யாரையும் வைக்கலாம், எடுக்கலாம். இடம் இருக்கும். 1952இன் விதி இந்த வாக்கியத்தை அப்படியே துணியில் தைத்துக் காட்டியது. தொலைக்காட்சியும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது. 1950இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் தன் எல்லா ஆட்டங்களையும் ஒளிபரப்பிய முதல் அணியாயிற்று. 1951 சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நாட்டின் இரு கரைக்கும் காட்ட டூமாண்ட் நிறுவனம் 75,000 டாலர் கொடுத்தது. சின்னப் பெட்டியில், கறுப்பு வெள்ளையில், தலைக்கவசம் மாட்டிய இருபத்திரண்டு பேர். முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் எண்தான் முகம். ஆனால் அந்த முகம் ‘நான் இன்னார்’ என்று சொல்லவில்லை, ‘நான் இன்ன வேலை’ என்று சொன்னது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒரு வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கால்பந்தில் 1928இல் அர்சனலும் செல்ஸியும் எண் போட்டு ஆடின. பிறகு அங்கே நிலைத்த முறையில் 1 முதல் 11 வரையான எண்கள் இடத்துக்குத்தான் சொந்தம். 9 என்றால் நடு முன்கள ஆட்டக்காரர். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர். 1993இல்தான் ப்ரீமியர் லீக் ஆளுக்கு ஒரு நிரந்தர எண்ணும் முதுகில் பெயரும் கொடுத்தது. அங்கே இடத்திலிருந்து ஆளுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ஆளிலிருந்து இடத்துக்குப் போனார்கள். முதலாளியம் எல்லா ஊரிலும் ஒரே பாதையில்தான் நடக்கும் என்று சூத்திரம் சொல்கிற நண்பர்கள் இதை எங்கே பொருத்துவார்கள் என்று தெரியவில்லை.

1960இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஃபுட்பால் லீக், என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக வந்தது. கொஞ்சம் தெருக்கூத்துத்தனம் உள்ள அமைப்பு. முதுகில் ஆட்டக்காரரின் பெயரைப் போட்டது அவர்கள்தான். இரண்டு அமைப்பும் 1970இல் இணைந்த பிறகே என்.எஃப்.எல். சட்டைகளிலும் பெயர் ஏறியது. எண்ணிலும் அவர்கள் தாராளம். ஓக்லண்ட் ரெய்டர்ஸின் சென்டர் ஜிம் ஆட்டோ 00 அணிந்தார். ஆங்கிலத்தில் பூஜ்யத்துக்கு ‘ஆட்’ என்றும் ‘ஓ’ என்றும் இரண்டு பெயர், சேர்த்துச் சொன்னால் ஆட்டோ! எண்ணே பெயரைச் சொல்லும் சிலேடை. எந்த இடத்தையும் சுட்டாத, ஆளை மட்டும் சுட்டுகிற எண். காளமேகம் இருந்தால் ரசித்திருப்பார்.

இணைந்த வீட்டில் இது நீடிக்கவில்லை. 1973 ஏப்ரல் 5 அன்று வந்த விதி கறாரானது. க்வார்ட்டர்பேக்குகளும் உதைப்பவர்களும் 1–19. ஓட்டக்காரர்களும் பின்வரிசைத் தடுப்பாளர்களும் 20–49. சென்டரும் லைன்பேக்கரும் 50–59. மற்ற முன்வரிசைக்காரர்கள், தடுப்பு முன்வரிசை உட்பட, 60–79. பந்து பிடிக்கிறவர்கள் 80–89. எழுபதுகளின் இறுதிவாக்கில் 90களும் தடுப்பு அணிக்குத் திறந்துவிடப்பட்டன. பூஜ்யம் காணாமல் போயிற்று. 1972இல் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. அதனால் 1986 வரை சார்லி ஜாய்னர் என்கிற ரிசீவர் 18ஆம் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தார். கென் பரோ 1981 வரை 00. விதிக்கு முந்தைய காலத்தின் புதைபடிவங்கள் நேரலையில் பந்து பிடித்துக்கொண்டிருந்தன.

விதியை வெறும் அதிகார வெறி என்று தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். முன்வரிசையின் உள்பக்கத்து ஐவர் பந்து பிடிக்கக்கூடாது என்றால், யார் அந்த ஐவர் என்று நடுவருக்கு ஒரு நொடியில் தெரிய வேண்டும். 50 முதல் 79 வரை எண் உள்ளவர் பிடிக்க முடியாதவர். அவர் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பிடிக்கிற இடத்தில் நிற்க வேண்டுமென்றால், நடுவரிடம் போய்ச் சொல்லி, நடுவர் அதை மைதானத்துக்கு அறிவிக்க வேண்டும். உடம்பு இருக்கிற இடம் போதாது, எண்ணும் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவராதபோது வாய்மொழி வாக்குமூலம். இந்த வாக்குமூலச் சடங்குக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

இடத்துக்கு எண் என்று ஆனபின் அடுத்த கேள்வி, இடம் யாருக்கு? இங்கேதான் விஷயம் கனக்கிறது. மாட்லியும் அவருடைய சக ஆட்டக்காரர் பில் வில்லிஸும் கறுப்பர்கள். 1933க்குப் பிறகு தொழில்முறைக் கால்பந்தில் கறுப்பர்களுக்கு அடைபட்டிருந்த கதவை 1946இல் திறந்த நால்வரில் இருவர். (மற்ற இருவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் கென்னி வாஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும்.) அதே 1946இல் பிரவுன்ஸ் மயாமிக்கு ஆடப்போனபோது, ஃப்ளோரிடாவின் நிறப்பாகுபாட்டுச் சட்டத்தால் இருவரையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஆக, 76 என்கிற எண் அன்றைக்கு மயாமி மைதானத்தில் இறங்கமுடியாத எண். இன்றைக்கு 76 பிரவுன்ஸ் அணியில் ஓய்வு பெற்ற எண், க்ரோஸாவின் பெயரில். இதில் சதி எதுவும் இல்லை. க்ரோஸா அதற்குத் தகுதியானவர்தான். சங்கேதம் மாறியபோது மாட்லியின் ஆறு ஆண்டு எண் அவரிடமிருந்து கழன்று இன்னொருவரின் நினைவுச் சின்னமாயிற்று என்பதை மட்டும் பதிவு செய்யலாம்.

அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க சமூகவியலாளர்கள் ‘அடுக்கிவைத்தல்’ என்று ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். 1970இல் வெளியான லாய், மக்எல்வோக் ஆய்வு இதில் முக்கியமானது. முடிவெடுக்கிற, மையத்தில் நிற்கிற இடங்கள் (க்வார்ட்டர்பேக், சென்டர், கார்டு, லைன்பேக்கர்) பெருமளவு வெள்ளையருக்கு. ஓடுகிற, பிடிக்கிற, துரத்துகிற விளிம்பு இடங்கள் கறுப்பருக்கு. சிந்தனை மையத்தில், தசை விளிம்பில். இந்தப் பரவலின் மேல் 1973இன் எண் வரிசையை வைத்துப் பாருங்கள். 1–19, 50–59, 20–49, 80–89 என்று எண் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச் சாயல் விழுந்துவிடுகிறது. விதியை எழுதியவர்கள் நிறத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பட்டியல் போடுகிறவன் உள்நோக்கத்தோடு போட வேண்டியதில்லை. ஏற்கெனவே பிரிந்து கிடக்கிற உலகத்துக்கு அவன் கட்டம் வரைந்தால் போதும்.

மார்லின் ப்ரிஸ்கோவின் கதை இதன் சுருக்கம். 1968இல் டென்வர் பிராங்கோஸ் அணியில் 15ஆம் எண்ணோடு க்வார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கியவர், நவீன காலத்தில் அந்த இடத்தில் தொடக்கத்திலிருந்தே களமிறக்கப்பட்ட முதல் கறுப்பர். அந்த முதல் ஆண்டிலேயே 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த ஆண்டு டென்வரில் அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோவுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே க்வார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள், இவரைப் பந்து பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார், நன்றாகவே பிடித்தார். எண் 86. பதினைந்து எண்பத்தாறானது என்பது கணக்குப் பாடத்தில் பெருக்கம், இங்கே கழித்தல். அந்த அமைப்பில் அப்போது விதி அவ்வளவு இறுக்கமில்லை என்றாலும் வழக்கம் விதியைவிட வேகமாக வேலை செய்தது. பத்தாண்டு கழித்து வாரன் மூன், 1978இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத நிலையில் க்வார்ட்டர்பேக்காகவே ஆடுவதற்காகக் கனடாவுக்குப் போய், 1984இல்தான் ஹூஸ்டனுக்கு வந்தார். வந்தபோது அவர் அணிந்த எண் 1.

இனி 1987. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகச் செறிவான ஆண்டு இதுதான். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்து நட்சத்திரம் ப்ரையன் பாஸ்வொர்த், லைன்பேக்கர், அந்த ஆண்டு சியாட்டில் ஸீஹாக்ஸுக்கு வருகிறார். பத்து ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். கல்லூரியில் அவர் எண் 44. தலைமுடியும் வாய்த்துடுக்கும் 44உம் சேர்ந்ததுதான் அந்த ஆள். அதை வைத்து வியாபாரமும் செய்யத் தொடங்கியிருந்தார். லைன்பேக்கருக்கு 44 கிடையாது என்றது லீக். பாஸ்வொர்த் வழக்குப் போட்டார். சீசன் தொடங்கியபோது அவர் முதுகில் 55தான் இருந்தது. பத்திரிகைகள் இதை ஒரு செல்லப்பிள்ளையின் அடமாகவே எழுதின. சரி, அடம்தான். ஆனால் அடத்துக்குள் ஒரு சொத்துரிமைக் கேள்வி இருந்தது: என் உழைப்பால் ஒரு எண்ணுக்கு மதிப்பு வந்திருக்கிறது, அந்த மதிப்பு என்னுடையதா, உன் பட்டியலுடையதா?

அதே செப்டம்பரில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கோரிக்கையின் மையம், ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகிற சுதந்திரம். சங்கத்தின் தலைமையில் ஜீன் அப்ஷா, ஓக்லண்ட் ரெய்டர்ஸின் முன்னாள் கார்டு, எண் 63. முன்வரிசையில் முகம் தெரியாமல் பதினைந்து ஆண்டு நின்றவர். முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஒரு வார ஆட்டத்தை ரத்து செய்துவிட்டு, அடுத்த மூன்று வாரம் வெளியாட்களைக் கூட்டிவந்து அதே சட்டையைப் போட்டு இறக்கிவிட்டார்கள். அதே நிறம், அதே எண் வரிசை: 1–19இல் ஒருவர் எறிந்தார், 80–89இல் ஒருவர் பிடித்தார். அந்த ஆட்டங்களின் முடிவுகள் சீசன் கணக்கிலும் சேர்க்கப்பட்டன. 24 நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. ‘இடம்தான் நிரந்தரம், ஆள் மாற்றத்தக்கவன்’ என்கிற தத்துவத்தைக் கருங்காலிகளை வைத்து இவ்வளவு பச்சையாக நிரூபித்த தருணம் வேறில்லை. பாஸ்வொர்த்தின் 44ஐயும் இந்த மூன்று வாரத்தையும் தனித்தனிச் செய்தியாகப் படித்தால் ஒன்று நகைச்சுவை, இன்னொன்று தொழிற்சங்கத் தோல்வி. சேர்த்துப் படித்தால், எண்ணில் அவ்வளவு பிடிவாதமாக இருந்த லீக், ஆட்டக்காரர் யார் என்பதில் எவ்வளவு அலட்சியமாக இருக்க முடிந்தது என்பது தெரியும். சங்கம் பிறகு நீதிமன்றம் போய், 1992 தீர்ப்பின் அழுத்தத்தில் 1993இல் அணி மாறும் சுதந்திரத்தைப் பெற்றது. பாஸ்வொர்த் தோள் காயத்தோடு 24 ஆட்டத்தில் முடிந்துபோனார்.

ஆள் அணி மாறலாம் என்று ஆனதும் எண்ணுக்குச் சந்தையில் வேறு பொருள் வந்தது. ரசிகன் வாங்குகிற சட்டையில் இருப்பது இடம் அல்ல, ஆள். விதி மெல்ல மெல்லக் கசியத் தொடங்கியது. 1996இல் முதல் தேர்வாக வந்த கீஷான் ஜான்ஸனுக்கு நியூயார்க் ஜெட்ஸில் 80கள் காலி இல்லையென்று 19 கிடைத்தது. 2004இல் ரிசீவர்கள் எல்லோருக்கும் 10–19 திறந்தது. ஆனால் 2006இல் ரெஜ்ஜி புஷ், கல்லூரியில் அணிந்த 5ஐ நியூ ஆர்லியன்ஸிலும் அணிய அனுமதி கேட்டபோது, புயலில் சிதைந்திருந்த அந்த நகரத்துக்குச் சட்டை வருமானத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியும், மறுத்துவிட்டார்கள். 25 போட்டுக்கொண்டார். இந்தக் கட்டத்தின் உச்சம் சின்சினாட்டியின் சாட் ஜான்ஸன். எண் 85. 2008இல் தன் சட்டபூர்வமான குடும்பப் பெயரையே ‘ஓச்சோசின்கோ’ (ஸ்பானிய மொழியில் எட்டு, ஐந்து) என்று மாற்றிக்கொண்டார். எண்ணைப் பெயராக்க முடியாதென்றால் பெயரை எண்ணாக்கிக்கொள்கிறேன்! அரசாங்கம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டு முழுக்கச் சட்டையில் பழைய பெயர்தான். ஏனென்றால் ரீபாக் நிறுவனத்தில் பழைய பெயரோடு அச்சான சட்டைகள் தேங்கிக் கிடந்தன. ஒரு மனிதனின் பெயர் என்ன என்பதில் நீதிமன்றத்துக்கும் மேலே ஒரு கிட்டங்கி இருந்தது.

2021 ஏப்ரலில், கான்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் கொண்டுவந்த முன்மொழிவின்பேரில், அணி உரிமையாளர்கள் விதியை அகல விரித்துவிட்டார்கள். ஓட்டக்காரர், ரிசீவர், டைட் எண்ட் ஆகியோருக்கு 1–49உம் 80–89உம். பின்வரிசைத் தடுப்பாளர்களுக்கு 1–49. லைன்பேக்கர்களுக்கு 1–59, 90–99. 2020இலிருந்து பயிற்சிக் குழுவையும் சேர்த்து அணியின் ஆள்கணக்கு பெருத்திருந்ததால் எண் தட்டுப்பாடு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது பொய்யில்லை. சிக்காகோ பேர்ஸ் மட்டுமே 14 எண்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறது; கோடைப் பயிற்சிக்கு வருவதோ 90 பேர்; சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் ஒரே எண்ணை இருவர் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. செத்தவர்களின் எண்கள் உயிரோடிருப்பவர்களை நெருக்குகின்றன. (பிரவுன்ஸ் அணியில் 45ஐ எர்னி டேவிஸுக்காக ஓய்வில் வைத்திருக்கிறார்கள். 1963இல் ரத்தப் புற்றுநோயில் இறந்த அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.)

எதிர்த்தவர்களில் பெரிய குரல் டாம் பிரேடியுடையது. இது முட்டாள்தனம், இனிமேல் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் ஆட்டம் கெட்டுப்போகும் என்றார். அவர் வாதத்தில் விஷயம் இருக்கிறது. பந்து கைக்கு வருமுன் க்வார்ட்டர்பேக் எதிரணியின் நடு லைன்பேக்கர் யார் என்று எண்ணைச் சுட்டிக் கத்துவார், அதை வைத்துத்தான் முன்வரிசை தன் தடுப்பைக் கணக்கிடும். 50களில் ஒருவர் நின்றால் லைன்பேக்கர், 20களில் நின்றால் பின்வரிசை என்பது வாசிப்பின் இலக்கணம். எல்லோரும் ஒற்றை இலக்கம் போட்டுக்கொண்டு வந்தால் அந்த வாசிப்பு தடுமாறும். நியாயம்தான். ஆனால் இது யாருடைய நியாயம் என்பதையும் கேட்க வேண்டும். மைதானத்தில் எதிராளியைப் பிரதியாக வாசிக்கிற அதிகாரம் ஒரே ஓர் இடத்துக்குத்தான் உண்டு. எதிரில் நிற்பவன் வாசிக்கப்படுகிறவன், அவன் தெளிவாக அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது வாசகனின் வசதி. இன்னொரு வேடிக்கை: 2020இல் பிரேடி டம்பா பே அணிக்கு வந்தபோது அவருடைய பிரியமான 12 அங்கே க்ரிஸ் காட்வின் என்கிற ரிசீவரிடம் இருந்தது. 2004 தளர்த்தலால்தான் ஒரு ரிசீவர் 12 போட முடிந்தது. காட்வின் மரியாதையாக விட்டுக்கொடுத்து 14க்குப் போனார். தளர்ந்த விதியின் விளைவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், அடுத்த ஆண்டு விதி தளரக்கூடாது என்றார்.

தளர்த்தலைக் கொண்டாடியவர்களும் ஒரு விஷயத்தை அடக்கி வாசித்தார்கள். அதே ஆண்டிலேயே எண் மாற்ற வேண்டுமென்றால், கடைகளில் விற்காமல் இருக்கிற பழைய எண் சட்டைகளையெல்லாம் ஆட்டக்காரரே விலை கொடுத்துத் தீர்க்க வேண்டும்! மின்னஸோட்டாவின் டால்வின் குக் 33இலிருந்து கல்லூரி எண்ணான 4க்கு மாற ஆசைப்பட்டு, சுமார் 15 லட்சம் டாலர் ஆகும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ஓர் ஆண்டு பொறுத்து, 2022இல் செலவில்லாமல் மாறினார். அதிகச் சட்டை விற்ற ஆட்டக்காரருக்குத்தான் மாறும் செலவும் அதிகம். இங்கே விடுதலைக்கு ஒரு தொகையும், தொகை இல்லாதவனுக்கு ஓர் ஆண்டுக் காத்திருப்பும் குறிக்கப்பட்டிருந்தது. 2023இல் பூஜ்யமும் திரும்ப வந்தது. ஒற்றைப் பூஜ்யம் மட்டும். ஜிம் ஆட்டோவின் இரட்டைப் பூஜ்யத்துக்கு அனுமதி இல்லை.

இத்தனை தளர்த்தலிலும் அசையாமல் விடப்பட்டவர்கள் ஒரு கூட்டம் உண்டு. தாக்குதல் முன்வரிசையின் ஐவர். 2021க்கு முன்னும் பின்னும் அவர்களுக்கு 50–79தான். அவர்கள் சட்டையை வாங்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. அவர்கள் பந்தைத் தொடுவதில்லை. நடுவருக்கு அவர்களை அடையாளம் தெரிந்தாக வேண்டும் என்கிற நியாயமான காரணமும், அவர்கள் எண்ணை விடுவித்தால் யாருக்கும் காசு வராது என்கிற சொல்லப்படாத காரணமும் அவர்கள் விஷயத்தில் அழகாக ஒத்துப்போயின.

வாக்குமூலச் சடங்குக்கு வருகிறேன். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாண்டு பேட்ரியட்ஸ் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. 34ஆம் எண்ணுள்ள ஓட்டக்காரர் ஷேன் வெரீன், பிடிக்கத் தகுதியுள்ள எண்ணை வைத்துக்கொண்டே, நான் பிடிக்கமாட்டேன் என்று நடுவரிடம் அறிவித்துவிட்டு ரிசீவர் மாதிரி ஓரத்தில் நின்றார். பால்டிமோர் அணி எண்ணை நம்பி அவரைக் கவனித்துக்கொண்டிருந்தபோது பந்து வேறு பக்கம் போயிற்று. பேட்ரியட்ஸ் 35–31 என்று வென்றது. எண் சொன்னதும் வாய் சொன்னதும் வேறாக இருக்கும் இடைவெளியில் ஓர் ஆட்டம் நழுவியது. அதே ஆண்டு, அப்படி அறிவிக்கிறவர் முன்வரிசையின் உள்ளேதான் நிற்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. எண்ணை மீறிப் பேசினால் உடம்பை அந்த எண்ணுக்குரிய இடத்துக்கு இழுத்துவைத்துவிட்டார்கள்.

2023 டிசம்பர் 30. டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக டெட்ராய்ட் லயன்ஸ், ஆட்டத்தின் கடைசித் தருணம். 20–19 என்று பின்தங்கியிருக்கிற லயன்ஸ் வெற்றிக்காக இரண்டு புள்ளி முயற்சிக்குப் போகிறது. பந்து பிடிக்கப்போகிறவர் டெய்லர் டெக்கர், இடது டாக்கிள், எண் 68. நடுவரை நோக்கி லயன்ஸின் லைன்மேன்கள் ஒன்றுக்கு மேற்பட்டோர் போகிறார்கள். யார் அறிவிக்கிறார் என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது என்கிற தந்திரம். ஆளும் ஆளும் ஒரே உருவம், எண்தான் வித்தியாசம். தான் அறிவித்ததாக டெக்கர் பிறகு சொன்னார். நடுவர் ப்ராட் ஆலன் ஒலிபெருக்கியில் அறிவித்தது 70ஐ, டான் ஸ்கிப்பரை. ஜாரட் காஃப் எறிந்தார், டெக்கர் எல்லைக்குள் நின்று பிடித்தார். கொடி விழுந்தது: அனுமதியில்லாதவர் பந்தைத் தொட்ட குற்றம். பிடித்தது 68, நடுவரின் கணக்கில் பிடிக்கத் தகுதி பெற்றிருந்தது 70. ஆட்டம் 20–19 என்றே முடிந்தது.